நின்றால் தள்ள வேண்டும்

என் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறேன். முதுகில் செம்மண் சரளை குத்துகிறது. சூடேறிய எண்ணெய் ஒரு சொட்டு கன்னத்தில் விழுந்து காதுப் பக்கம் வழிகிறது. தலைக்கு மேல், பின்சீட்டுக்குப் பக்கத்தில் கட்டியிருந்த கூண்டில் கோழிகள் மூச்சு வாங்குகிற சத்தம்கூடக் கேட்கிறது.

நான் உட்கார வேண்டிய இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் அஞ்சலை. அன்று காலையில்தான் அவளை முதன்முதலாகப் பார்த்தேன். ஓட்டுகிற ஆசனத்தில் உட்காருவது இருக்கட்டும், மோட்டார் காரில் ஏறியதே அவளுக்கு அதுதான் முதல் தடவை.

"மிதிம்மா" என்று கீழிருந்து கத்தினேன்.

"எத மிதிக்கிறதுண்ணே? மூணு நாலு கெடக்குதே!"

"எடது காலுக்கு நேரா இருக்கு பாரு. அத மட்டும். அமுக்கி, அமுக்கி விடு."

காலடிப் பலகையை நான் ஏற்கெனவே கழற்றிப் போட்டிருந்ததால், அவள் பாதம் எனக்குத் தெரிந்தது. காய்ச்சலில் வற்றிப்போன பாதம். அது மிதியைத் தொட்டது, தயங்கியது, பிறகு அழுத்தியது. மிதியின் தண்டு முன்னே போய்ப் பின்னே வந்தது. அதோடு சேர்ந்து நகர வேண்டிய இரும்புக் கம்பி மட்டும் செத்த பாம்பு மாதிரி தொங்கிக்கொண்டே இருந்தது.

"போதும்மா" என்றேன். "தெரிஞ்சு போச்சு."

"சரியாயிருமாண்ணே? சாயங்கால ரயிலுக்குள்ள போயிருவமா?"



விளக்கெண்ணெய் குடித்த கிளச்சு

இந்தத் தொடரைப் படிக்கிற இளைஞர்கள் சிலர், 'கியர் போடுவதைப் பற்றி வாரா வாரம் இவ்வளவு எழுத என்ன இருக்கிறது?' என்று கேட்கிறார்கள். இன்றைய வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும்.

அந்தக் கால வண்டியில் கியர் என்பது கெஞ்சிக் கூத்தாடி வாங்க வேண்டிய சமாசாரம். ஒரு தடவை கிளச்சை மிதித்து, இருக்கிற கியரை வெளியே எடுக்க வேண்டும். இன்ஜினை ஒரு உறுமு உறும விட வேண்டும். மறுபடி மிதித்து, அடுத்த கியருக்குத் தள்ள வேண்டும். உறுமல் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும், பெட்டிக்குள் பல்லோடு பல் உரசி, தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டின மாதிரி ஒரு சத்தம் வரும். கடைத்தெருவே திரும்பிப் பார்க்கும். டிரைவருக்கு மானம் போய்விடும்.

ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு நோய். நான் மலாயாவில் பத்து பஹாட் என்ற ஊரில் ஒரு முதலாளிக்கு ஓட்டிய முதல் வண்டியின் கிளச்சில் தோல் வைத்துத் தைத்திருக்கும். அடைமழைக் காலத்தில் அந்தத் தோல் ஊறிப் போய், மிதித்தாலும் விடாது. வெயில் காலத்தில் காய்ந்து போய், விட்டாலும் பிடிக்காது. அதற்கு மருந்து விளக்கெண்ணெய். குழந்தைக்குப் பேதிக்குக் கொடுக்கிற மாதிரி அவ்வப்போது கொஞ்சம் ஊற்றி, ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிட்டால், காலையில் சொன்னபடி கேட்கும்.

இன்னொரு வண்டி, இறக்கத்தில் இரண்டாம் கியரைத் துப்பிவிடும். போட்டுக்கொண்டே இருப்போம், அது குதித்து வெளியே வந்துகொண்டே இருக்கும். ஒரு தோட்டத்துக் கிராணி, அதாவது கணக்கெழுதுகிறவர், வாரம் தவறாமல் என்னோடு வருவார். நல்ல கனத்த சரீரம். அவரை முன்னால் உட்கார வைத்து, "ஐயா, கொஞ்சம் முழங்காலால இத அமுக்கிப் பிடிங்க" என்பேன். வழி முழுக்க கியர் தண்டை முழங்காலால் அழுத்திக்கொண்டே ஆள் ஊர்ச் சங்கதி பேசுவார். அவர் வராத வாரம் எனக்கு வண்டி ஓட்டவே பயமாக இருக்கும்.

நான் சொல்லப் போகிற நாளில் ஓட்டிய வண்டி இந்த இரண்டும் இல்லை. அது என் சொந்த வண்டி. ஏழு பேர் உட்காரலாம். ஆயர் ஈத்தாமுக்கும் ஜொகூர் பாருவுக்கும் நடுவே வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். வாங்கும்போதே கிழடுதான். ஆனாலும் அதுவரை என்னை நடுவழியில் விட்டதில்லை.

காலி லயம்

ரப்பர் விலை அடியோடு விழுந்துபோயிருந்த காலம் அது. தோட்டம் தோட்டமாகப் பால் வெட்டை நிறுத்தினார்கள். வேலை இல்லாதவர்களைக் கூட்டம் கூட்டமாக ரயிலேற்றி, சிங்கப்பூரில் கப்பலேற்றி, இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அன்று காலை சிம்பாங் ரெங்கம் கடைத்தெருவில் வண்டியை நிறுத்திவிட்டுக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன். லாயாங் லாயாங் பக்கத்திலிருந்து வந்த ஒரு லாரி நின்றது. அதிலிருந்து முக்காடு போட்ட ஒரு பெண் இறங்கினாள். இறங்கியவள் நிற்க முடியாமல் என் வண்டியின் மட்கார்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, இது ஜொகூருக்குப் போற வண்டியா?"

"ஆமாம்மா. என்னா ஒடம்புக்கு?"

அவள் சொன்ன கதை இதுதான். மலேரியாக் காய்ச்சல் முற்றி, ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள். புருஷன் போன வருஷமே தவறிவிட்டான். பெண் குழந்தை ஒன்று. பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி அக்காவிடம் விட்டுவிட்டுப் போனவள், அன்று காலை தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கிற லயத்துக்குத் திரும்பியிருக்கிறாள். அடுப்புகளில் சாம்பல். கதவுகள் திறந்து கிடந்தன. ஒரு ஜீவன் இல்லை.

காவல்கார ஜாகா மட்டும் இருந்தான். தோட்டத்தை மூடிவிட்டார்கள், ஆட்களை முந்தின நாளே ஜொகூர் பாருவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், இன்று சாயங்கால ரயிலில் சிங்கப்பூர் போகிறார்கள், மறுநாள் கப்பல் என்று அவன் சொல்லியிருக்கிறான். அதோடு, "நீ செத்துட்டேன்னுதானே இங்க பேச்சு?" என்றும் கேட்டிருக்கிறான்.

"எம்புள்ளைய அவங்களோட கூட்டிட்டுப் போயிட்டாங்கண்ணே" என்றாள். அழவில்லை. அழுவதற்குக்கூட உடம்பில் தெம்பு இல்லை. "கப்பல் போயிருச்சுன்னா நான் எங்கன்னு தேடுவேன்?"

கூலியைப் பற்றி நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. "முன்னாடி ஏறிக்கம்மா" என்றேன்.

பின்னால் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஆ ஹொக். கூலாய்ச் சந்தைக்குக் கோழி கொண்டுபோகிற சீனர். வாடிக்கையாக என் வண்டியில்தான் வருவார். கடுகடுத்த முகம், ஒரு வார்த்தை அதிகம் பேசமாட்டார். இன்னொருவர் மக்சிக் தீமா என்ற மலாய் அம்மாள். ஜொகூர் பாருவை ஒட்டிய தெப்ராவில் இருக்கிற மகளைப் பார்க்க, வாழையிலையில் சுற்றிய பலகாரத்தோடு கிளம்பியிருந்தார்.

கடல் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்குள் ஓட்ட என் வண்டிக்கு லைசன்ஸ் கிடையாது. ஜொகூர் பாரு ஸ்டேஷனில் பிடிக்காவிட்டால் பிடிக்கவே முடியாது. அதை அஞ்சலையிடம் நான் சொல்லவில்லை.

கோழிக்கூண்டு ஆணி

கொஞ்ச தூரத்திலேயே ஒரு ஏற்றம் வந்தது. மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றப் பார்த்தேன். கறக்கென்றது. இடது கால் மிதி, பஞ்சு மூட்டையை மிதித்த மாதிரி பிடிப்பில்லாமல் உள்ளே போனது. வண்டி வேகம் குறைந்து நின்றுவிட்டது. சக்கரத்துக்குக் கல் கொடுத்தேன்.

இன்ஜினை அணைத்துவிட்டு கியர் போட்டுப் பார்த்தேன். எல்லாக் கியரும் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல விழுந்தன. இன்ஜினை ஓடவிட்டுப் போட்டால் ஒன்றும் விழவில்லை, உரசிக்கொண்டு அலறியது. ஆக, கியர் பெட்டிக்குள் கோளாறு இல்லை. கிளச்சு விலகவில்லை. அது எங்கே அறுந்திருக்கிறது என்று பார்க்கத்தான் அஞ்சலையை மேலே மிதிக்கச் சொல்லிவிட்டு நான் கீழே போய்ப் படுத்தேன்.

மிதியின் தண்டையும் கிளச்சுக் கம்பியையும் சேர்க்கிற இடத்தில், மாட்டு வண்டியின் கடையாணி மாதிரி ஒரு சின்ன ஆணி இருக்கும். அது தேய்ந்து எங்கேயோ விழுந்துவிட்டது. வெறும் ஓட்டைதான் மிச்சம்.

நான் விஷயத்தைச் சொன்னதும் ஆ ஹொக் இறங்கி, வந்த வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டு நடந்தார். வெகு தூரம் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பினார். பிறகு தன் கோழிக்கூண்டைப் பார்த்தார். கல்லால் தட்டித் தட்டி அதிலிருந்து இரண்டு ஆணிகளைப் பிடுங்கினார். கூண்டு ஒரு பக்கம் வாயைப் பிளந்தது. அதை மக்சிக் தீமா தன் தலைத்துணியை அவிழ்த்துக் கட்டினார்.

தடித்த ஆணியை ஓட்டையில் செருகி, இரு முனையையும் வளைத்தேன். கியர் விழுந்தது. வண்டி ஏற்றத்தைக் கடந்தது. அஞ்சலை கையெடுத்துக் கும்பிட்டாள், வண்டியையா என்னையா என்று தெரியவில்லை.

கூலாய்க்கு இன்னும் தூரம் இருக்கும்போது ஒரு வளைவில் வேகத்தைக் குறைத்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம். பல் விழுந்த மாதிரி. ஆணி துண்டாகிவிட்டது. இரண்டாவது ஆணி இன்னும் மெலிசு. ஒரு மிதிக்குக்கூடத் தாங்கவில்லை.

சூரியன் மரங்களுக்கு அந்தப் பக்கம் சாய ஆரம்பித்திருந்தது.

"என்னண்ணே?" என்றாள் அஞ்சலை.

"கிளச்சு இல்லாமத்தான் போகணும்மா."

"போகலாமா?"

"போகலாம். ஓட ஆரம்பிச்சிட்டா போயிரலாம். நின்னா மட்டும் யாராவது தள்ளணும்."

அது உண்மைதான். கிளச்சு இல்லாமலும் கியர் மாற்றலாம். வேக மிதியிலிருந்து காலை லேசாக எடுத்தால், இன்ஜின் வண்டியை இழுக்காமலும் வண்டி இன்ஜினைத் தள்ளாமலும் இருக்கிற ஒரு கணம் வரும். அந்தக் கணத்தில் தண்டு தானாகவே கையோடு வந்துவிடும். பிறகு இன்ஜின் சத்தம் இறங்குவதைக் கேட்டுக்கொண்டே இருந்து, சரியான இடத்தில் அடுத்த கியருக்குள் விட வேண்டும். காதுதான் கிளச்சு. ஆனால் நின்ற வண்டியைக் கிளப்ப அந்தக் கணமே கிடையாது. ஆள் தள்ளி, உருண்டு, ஒரு நடை வேகம் வந்த பிறகுதான் முதல் கியரை நுழைக்க முடியும்.

தள்ள இரண்டு பேர் போதவில்லை. கொஞ்ச தூரத்தில், ரோட்டுக்குக் கல் பரப்பிக்கொண்டிருந்த நம்முடைய ஆட்கள் சிலர் நின்றார்கள். போய்க் கேட்டேன். ஒருவர் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டுக் கேட்டார்:

"யாருக்குண்ணே இவ்ளோ அவசரம்?"

"அந்தப் பொம்பளைக்கு. புள்ள கப்பலேறப் போகுது, ஆத்தா இங்க நிக்குது."

அவ்வளவுதான். வேலை வாங்குகிற தண்டல் கூப்பிடக் கூப்பிட அத்தனை பேரும் ஓடிவந்தார்கள். 'ஏலேலோ' என்று ஒரு குரல் போட்டுத் தள்ளினார்கள். வண்டி உருண்டது. இன்ஜின் சத்தத்தைக் கேட்டு, தண்டை மெதுவாக அழுத்தினேன். ஒரு முனகல், உள்ளே விழுந்தது. பின்னால் ஆ ஹொக் ஓடிவந்து படிப்பலகையில் தொற்றினார். மக்சிக் தீமாவை இரண்டு பேர் ஓடிக்கொண்டே உள்ளே தூக்கிவிட்டார்கள். கைலியைப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்த ரோட்டு ஆட்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்துக் கையசைக்கக்கூட முடியவில்லை.

கூலாயில் இறங்காதவர்

கூலாய்க் கடைகள் தெரிய ஆரம்பித்தன. ஆ ஹொக் இறங்க வேண்டிய இடம். வண்டியை நியூட்ரலில் விட்டு உருட்டினாலும், அவர் கூண்டை இறக்குவதற்குள் நின்றுவிடும். எப்படியும் நிறுத்தத்தான் வேண்டும், மறுபடி தள்ள ஆள் பிடிக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டே பிரேக்கில் காலை வைத்தேன்.

பின்னாலிருந்து என் தோளில் ஒரு கை விழுந்தது.

"ஜாலான், ஜாலான்!" என்றார் ஆ ஹொக். போ, போ என்று.

"உங்க சந்தை?" என்று மலாயில் கேட்டேன்.

"ஜொகூரிலயும் கோழி திங்கிறான்" என்றார். பிறகு, "நான் இறங்கினா யார் தள்றது? அந்தக் கிழவியா?" என்றார்.

மக்சிக் தீமா அவர் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார்.

கூலாய்ச் சந்தையில் அவருக்காகக் காத்திருந்த ஆட்கள் கையை ஆட்டிக் கூப்பிட்டதைப் பார்த்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அஞ்சலைக்கு மலாய் சரியாகப் புரியாது. "அவரு ஏன்ணே இறங்கல?" என்று கேட்டாள். சொன்னேன். அப்போதுதான், அன்று முதல்முறையாக, அவள் அழுதாள்.

செனாய் தாண்டினோம். ஸ்கூடாய்ப் பாலத்துக்கு வந்தால், எதிரே மரம் ஏற்றிய மாட்டு வண்டி பாதிப் பாலத்தில் வந்துகொண்டிருந்தது. ஒரு வண்டிக்குத்தான் இடம். நிறுத்தினேன்.

மாட்டு வண்டி கடந்ததும் ஆ ஹொக்கும் மக்சிக்கும் இறங்கினார்கள். பக்கத்தில் ஒரு ஆளும் இல்லை. பாலத்துக்கு முன்னால் கொஞ்சம் மேடு வேறு. நானும் ஒரு கையால் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி இறங்கித் தள்ளினேன். அசைந்தது, ஆனால் உருளவில்லை. மூன்றாவது மூச்சுக்கு வண்டி சட்டென்று இலேசானது. திரும்பிப் பார்த்தால், அந்தப் பக்கம் கதவுத் தூணைப் பிடித்து அஞ்சலை தள்ளிக்கொண்டிருக்கிறாள். முக்காடு விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் தலைமுடியை ஒட்ட வெட்டிவிட்டிருந்தார்கள். அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

"வேணாம்மா, விழுந்துருவ!"

"நீங்க ஏறுங்கண்ணே!" என்று கத்தினாள். "ஏறி அந்தக் கியரப் போடுங்க!"

தாவி ஏறினேன். பாலத்தின் பலகைகள் தடதடவென்று ஓட, இன்ஜின் சத்தமே சரியாகக் கேட்கவில்லை. உள்ளங்கையில் தண்டு அதிர்வதை மட்டும் நம்பித் தள்ளினேன். விழுந்தது. ஆ ஹொக் அவளை இடுப்போடு தூக்கிப் படிப்பலகையில் ஏற்றிவிட்டு, தானும் தொற்றிக்கொண்டார். அவர் முழங்கால் சிராய்த்து ரத்தம் வந்தது. அவர் அதைக் கையால் துடைத்துவிட்டு, கோழிகள் இருக்கின்றனவா என்று பார்த்தார்.

பூனை குட்டி போட்டதா?

ஜொகூர் பாரு ஸ்டேஷனில் ரயில் நின்றுகொண்டிருந்தது. புகை தெரிந்தது. வண்டியை ஓரமாக விட்டு, கியரில் இருக்கும்போதே இன்ஜினை அணைத்தேன். ஒரு குதி குதித்து நின்றது. அஞ்சலை கதவைத் திறந்துகொண்டு விழுந்தடித்து ஓடினாள். நாங்களும் ஓடினோம்.

பிளாட்பாரம் நிறைய நம் ஜனங்கள். தகரப் பெட்டி, பாய்ச் சுருள், செம்பு, அரிக்கேன் விளக்கு. பலர் ஏறிவிட்டார்கள். அஞ்சலை பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கொண்டு போனாள். ஒரு பெண் கையிலிருந்த மூட்டையைக் கீழே போட்டாள்.

"அஞ்சல! அடியே அஞ்சல! நீ செத்துட்டேன்னாங்களேடி!"

அதுதான் பாப்பாத்தி அக்கா. கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். "ஆஸ்பத்திரியில ஒங்கூடப் படுத்திருந்தவ ஒருத்தி செத்துப் போனதப் பாத்துட்டு வந்து, நீதான்னு சொல்லிப்புட்டானுங்க. அதான் புள்ளைய அனாதையா விடக்கூடாதுன்னு…" 

பாப்பாத்தி அக்காவின் சேலையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் நின்றது. ராசாத்தி. மொட்டைத் தலையும் குழி விழுந்த கண்ணுமாக ஒருத்தி தன்னை நோக்கிக் கையை நீட்டியதும், அது வீரிட்டுக்கொண்டு சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"உங்காத்தாடி" என்று பாப்பாத்தி அக்கா இழுத்தாள். வரவில்லை. எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ரயில்காரர்கள் ஆட்களை ஏறச் சொல்லிச் சத்தம் போட்டார்கள்.  இவ்வளவு தூரம் வந்து இப்படியா என்றிருந்தது.

அஞ்சலை நீட்டிய கையை எடுத்துக்கொண்டாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். யாரிடமோ சாதாரணமாகப் பேசுகிற மாதிரி கேட்டாள்:

"நம்ம பூன குட்டி போட்டுச்சாடி?"

சேலைக்குப் பின்னால் விசும்பல் நின்றது.

"நான் போறப்ப வயிறு இவ்ளோ பெருசா இருந்துச்சே. போட்டுச்சா இல்லியா?"

 பிறகு ஒரு சின்னக் குரல்: "போட்டுச்சு."

"எங்க போட்டுச்சு?"

"வெறகுக்குள்ள."

"எல்லாம் வெள்ளையா?"

"ஒண்ணு மட்டும் கருப்பு." முகம் வெளியே வந்தது. உதடு கோணியது. "கொண்டாரக் கூடாதுன்னுட்டாங்க, ஆத்தா."

அந்த 'ஆத்தா'வுக்குப் பிறகு நான் பார்க்கவில்லை. ஆ ஹொக் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் தண்டவாளத்தைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் தோட்டத்துக் கங்காணி வந்தார். நல்ல மனுஷர். "ஏறிக்கம்மா, நீயும் நம்ம கூட்டந்தானே, சொல்லி ஏத்திக்கிறேன்" என்றார். அஞ்சலை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரயிலைப் பார்த்தாள்.

"ஊருல எனக்கு இருந்தது எங்காத்தா ஒருத்திதான் மாமா. அவளும் போயிச் சேந்துட்டா. இவ அப்பன் இங்கதான் மண்ணுக்குள்ள கெடக்காரு. நான் அங்க போயி யாரு வீட்டுல நிக்கிறது?"

"இங்க மட்டும் யாரு இருக்கா ஒனக்கு?"

 அஞ்சலை குழந்தையை இறுக்கிக்கொண்டாள், ஏறவில்லை. பாப்பாத்தி அக்கா குழந்தையின் துணி மூட்டையை அவள் கையில் கொடுத்து, இரண்டு பேரையும் முத்தமிட்டுவிட்டு ஏறினாள். ரயில் நகர்ந்த பிறகும் ஜன்னலில் அவள் கை தெரிந்தது. அந்த அம்மாளை நான் பார்த்தது அந்தச் சில நிமிஷந்தான். ஊராரின் பிள்ளையைத் தன் பிள்ளையாகச் சுமந்துகொண்டு கடல் தாண்டத் துணிந்தவள். அவள் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்று இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன்.

மக்சிக் தீமாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நடந்தது எல்லாம் புரிந்திருந்தது. குழந்தையின் கையில் ஒரு பலகாரத்தை வைத்துவிட்டு, இன்றைக்குத் தெப்ராவில் என் மகள் வீட்டில் தங்கட்டும், நாளைக்கு நாளைக்கான யோசனை என்று என்னிடம் சொன்னார். அதை நான் அஞ்சலைக்குச் சொன்னேன். ஆ ஹொக் கூண்டில் கைவிட்டு ஒரு கோழியை எடுத்து, காலைக் கட்டி, அதைக் குழந்தையிடம் நீட்டினார். பூனைக்கு ஈடாகுமா தெரியாது. ராசாத்தி அதை வாங்கிக் கட்டிக்கொண்டது.

மடியில்

மறுநாள் ஒரு பட்டறையில் புது ஆணி போட்டுக்கொண்டேன். கியர் முன்பைவிட நன்றாக விழுந்தது.

அஞ்சலைக்கு ஜொகூர் பாருவில் ஒரு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற வேலை கிடைத்தது. தெப்ராவில் அந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு அறை பிடித்துக்கொண்டாள். ஜொகூருக்குச் சவாரி வரும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். "சாப்ட்டுட்டுப் போங்கண்ணே" என்பாள். ராசாத்தி ஹாரனை அமுக்கி அமுக்கித் தெருவைக் கூட்டும்.

நான் இந்த நாட்டுக்குத் தனி ஆளாக வந்தவன். கூடப்பிறந்தவர் கிடையாது. ஊரில் தேடுவாரும் கிடையாது. வண்டியிலேயே தூங்கி, கடையிலேயே சாப்பிட்டு, அது ஒரு குறை என்றுகூடத் தோன்றாமல் காலம் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த வருஷமோ அதற்கு அடுத்த வருஷமோ, ஒரு தை மாதம். "ராசாத்திக்குக் காது குத்துறோம்ணே. கோயிலுக்குப் போக வண்டி கொண்டாங்க" என்றாள். கொண்டுபோனேன். மக்சிக் தீமாவும் நல்ல உடுப்பில் வந்தார். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற நாலைந்து பெண்களும் வந்திருந்தார்கள்.

எல்லாரையும் இறக்கிவிட்டு, நான் வண்டிப் பக்கத்திலேயே நின்றேன். கையெல்லாம் கிரீஸ். பாய் விரித்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, ஆசாரி கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நேரமாச்சும்மா. தாய்மாமன் எங்க? வந்து புள்ளைய மடியில வச்சுக்கச் சொல்லுங்க."

 பாவம், இவளுக்கு அண்ணன் தம்பி கிடையாதே, இத்தனை பேர் நடுவில் என்ன சொல்லுவாள் என்று நினைத்தேன்.

அஞ்சலை கொஞ்சமும் தயங்கவில்லை. "தோ நிக்கிறாரே" என்று கையைக் காட்டினாள்.

யாரைக் காட்டுகிறாள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாரும் இல்லை. வண்டிதான் நின்றது.

"வாங்கண்ணே" என்றாள். "கையக் கழுவிட்டு வாங்க."

யாரோ செம்பில் தண்ணீர் ஊற்றினார்கள். எத்தனை தடவை தேய்த்தும் கிரீஸ் முழுக்கப் போகவில்லை. பாயில் போய் உட்கார்ந்தேன். ராசாத்தியைத் தூக்கி என் மடியில் வைத்தார்கள். புதுப் பாவாடை மொடமொடத்தது. தலையில் நல்லெண்ணெய் வாசனை. ஆசாரி ஒரு காதைப் பிடித்தார். ஒரு வீறல். என் பெருவிரலைக் கவ்விக் கடித்தது. வலித்தது. அது கடித்துக்கொண்டே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆசாரி அந்தப் பக்கம் திரும்பி அடுத்த கம்பியை எடுத்தார். குழந்தை விம்மிக்கொண்டே அண்ணாந்து என்னைப் பார்த்தது.

"இன்னொரு காதும் குத்துவாங்களா மாமா?"

"ஆமாண்டா கண்ணு."

 மூக்கை என் சட்டையில் துடைத்துக்கொண்டது.

"அப்ப என்னக் கெட்டியாப் புடிச்சுக்க."

பிடித்துக்கொண்டேன்.